தவக்களைக்கு எத்தனை வால்

ஆகாயத்தில் பறக்கிற ஒரு கப்பலுக்கு வால் ஒன்றா இரண்டா என்ற தகராறில், ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று குழம்பி இரண்டாம் தரமும் விழுங்கியவன் தஞ்சாவூர் முழுக்கத் தேடினாலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வயது ஐம்பதுக்கு மேல். உத்தியோகம், கணக்கு வாத்தியார். ஒன்று, இரண்டு எண்ணத் தெரியவில்லை என்று பேர் வாங்கக் கூடாத உத்தியோகம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இலங்கை டி.வி.யில் ஒரு விண்வெளித் தொடர் வரும். அதையே இப்போது புதிதாக எடுத்து செல்போனில் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு ரசிகர் குழு. அங்கே கதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கப்பலைப் பற்றித்தான் பேச்சு. பழைய கப்பலில் பக்கவாட்டில் திறந்த கதவு புதியதில் ஏன் மேலே திறக்கிறது, ஓட்டுகிறவன் முன்னால் இருந்த ஜன்னல் ஏன் சிறுத்துப்போனது. பாகப்பிரிவினையில்கூட அண்ணன் தம்பிகள் இவ்வளவு நுணுக்கம் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் நானும் உணர்ச்சிவசப்பட்டு நீளமாக எழுதினேன். அசல் கப்பலுக்குப் பின்னால் இரண்டு வால் உண்டு, புதுக் கப்பலில் ஒன்றை வெட்டிவிட்டார்கள், இது எங்கள் தலைமுறைக்குச் செய்த துரோகம் என்று.

அரை மணியில் யாரோ அசல் கப்பலின் படத்தைப் போட்டார்கள். ஒரு வால். படத்தில் ஏதோ வேலை செய்திருக்கிறார்கள் என்று எழுதினேன். இன்னொரு படம் வந்தது. அதிலும் ஒரு வால். அதுவும் போலி என்றேன். குழுவை நடத்துகிறவன் என் பழைய மாணவன். பணிவாகக் கேட்டான்: "சார், ரெண்டு வால் பாத்தவங்க வேற யாராவது இருக்காங்களா?" விடையை எங்கே பார்த்து எழுதினாய் என்று நான் அவனை மடக்கிய அதே குரல்.

இருந்தான் ஒருவன். என்னோடு உட்கார்ந்து அந்தக் கப்பலைப் பார்த்தவன். அவனோடு பேச்சு விட்டுப்போய் ஒரு ஆயுசு ஆகிறது. உள்ளதைச் சொன்னால், வாலைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கூப்பிட்டால் பேசுவானா, வைத்துவிடுவானா என்பதுதான் கவலை.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். அப்போது சென்னை டி.வி. எங்களுக்கு எட்டாது, கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை டி.வி. எட்டும். அப்பா ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கி, கொல்லைத் தென்னையின் உச்சியில் மூங்கிலைக் கட்டி அதில் ஆன்டெனாவைப் பொருத்தியிருந்தார். காற்று திரும்பினால் படம் போய்விடும். மரத்தில் ஏறித் திருப்ப வேண்டும். அவன் ஏறுவான், நான் கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவேன். யார் ஏறுவது என்று யாரும் பேசி முடிவு செய்ததில்லை. எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவரின் மகன் அவன், அதனால் அது முடிவாகியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு.

தொடர் இங்கிலீஷில் வரும். எங்களுக்கு ஒரு வார்த்தை விளங்காது. கதை விளங்காததால் கப்பலையே பார்த்தோம். தரையிறங்கும்போது காலை அகட்டிக் குந்தும், அதனால் அதற்குத் தவக்களை என்று பேர் வைத்தோம். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம், வாய்க்கால் கரை நெடுக, தவக்களையைப் பற்றித்தான் சண்டை. அப்பா எதிரில் அவன் என்னைத் "தம்பி, வாங்க, போங்க" என்பான். வாய்க்கால் கரையில் சண்டை முற்றினால் மட்டும் "போடா" என்பான். அந்தப் போடாவை வரவழைப்பதற்காகவே நான் வேண்டுமென்று கதவை இடம் மாற்றிச் சொல்வேன்.

ஆட்சி எந்தக் கொடிக்கு மாறினாலும், குத்தகைக்காரர் தன் பெயரை அரசாங்கத்தில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் அவரை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது என்ற சட்டம் மட்டும் மாறவில்லை. ஒரு கோடையில் அவன் அப்பா தாலுகா ஆபீஸில் மனுப் போட்டார். என் அப்பா அவரைக் கொல்லைப் பக்கம் வரச்சொல்லி, என் சோற்றைத் தின்றுவிட்டு என் மேலேயே மனுவா என்று கேட்டார். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. அதுவே எங்கள் வீட்டில் புதிது.

"நான் தின்னது நான் வெளைய வச்ச சோறுங்க" என்றார்.

அப்புறம் வாய்தா மேல் வாய்தா. அவர்கள் வீட்டார் எங்கள் தெருவில் நடப்பதை விட்டார்கள். அவன் பெஞ்சு மாறி உட்கார்ந்தான். நானும் கூப்பிடவில்லை, அவனும் திரும்பவில்லை. இரண்டு பேருக்கும் வீட்டில் உத்தரவு.

தொடர் மட்டும் யாருடைய வாய்தாவுக்கும் காத்திருக்கவில்லை. அடுத்த வாரம் படம் போய்விட்டது. நானே தென்னையில் ஏறினேன். பாதி மரத்தில் கீழே பார்த்ததுதான் தப்பு. மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா ஏணிக்கு ஆளனுப்பினாள், ஏணி எட்டவில்லை. அப்புறம் எப்படி இறங்கினேன் என்று கேட்டால், இறங்கவில்லை, சறுக்கினேன். நெஞ்சுத் தோலில் பாதி இன்னமும் அந்த மரத்தில்தான் இருக்கும். பெட்டியில் அதன் பிறகு வெறும் புள்ளி மழைதான். தவக்களையின் கடைசி மாதங்களை நான் பார்க்கவே இல்லை.

தீர்ப்பு அவர்கள் பக்கம் ஆனது. அப்பா ஊரை விட்டுத் தஞ்சாவூர் வந்தார். நிலம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது.

போன தை மாதம் இதையெல்லாம் மனைவியிடம் சொல்லி, அவன் நம்பருக்கு எங்கே போவேன் என்று புலம்பினேன். அவள் புளி கரைத்துக்கொண்டே, "நம்பர் எங்கிட்டயே இருக்கு. எங்க அண்ணன் வயலுக்கு வருஷா வருஷம் அவரு அறுவடை மிஷின்தான் வருது" என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

குளியலறையில் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தேன். ஊர் நலம், உடம்பு நலம், பிறகு மெதுவாக வால். நம்பரைத் தட்டினேன். ஒரு தரம் மணி அடித்ததும் வைத்துவிட்டேன். தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் அவனே கூப்பிட்டான்.

"மிஸ்டு கால் வந்துச்சுங்க. மிஷின் வேணுங்களா?"

பின்னால் மிஷின் இரைச்சல். நான் பதறிப்போய், ஆமாம், இரண்டு ஏக்கர் என்றேன். எனக்குப் பூந்தொட்டி அளவுக்குக்கூட மண் கிடையாது. எந்த ஊர், சம்பாவா, வயலில் ஈரம் காய்ந்துவிட்டதா என்று அவன் பொறுப்பாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். எந்த ஊர் என்ற கேள்விக்கு ஆமாம் என்பது பதில் இல்லை என்று கடைசியில் எனக்கே உறைத்து, நான் இன்னார் மகன் என்று உளறிக் கொட்டினேன்.

மிஷின் இரைச்சலுக்கு மேல் அவன் குரல் வந்தது.

"சொல்லுங்க" என்றான்.

அந்த 'ங்க' என்னை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தவக்களைக்கு எத்தனை வால்?"

அவன் யாரிடமோ மிஷினை நிறுத்தச் சொன்னது கேட்டது. இரைச்சல் அடங்கியது.

"மூணு" என்றான்.

ஊரெல்லாம் ஒன்று என்கிறது, நான் இரண்டு என்கிறேன், என் ஒரே சாட்சி மூன்று என்கிறான். உனக்கென்ன புத்தி பிசகிவிட்டதா, இரண்டுதான் என்று கத்தினேன்.

"போடா. பெருசா ஒண்ணு, பக்கத்துலயே மங்கலா ரெண்டு. நான் பாத்தேன்."

மங்கலாக என்றதும் எனக்குப் பொறி தட்டியது. நான் பார்த்ததும் பெரிசாக ஒன்று, பக்கத்தில் மங்கலாக ஒன்று. எங்கள் பெட்டியில் எல்லாப் படத்துக்கும் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு படம் விழும். கேப்டனுக்குக்கூட இரண்டு மூக்கு தெரியும். மனிதனுக்கு ஒரு மூக்குதான் என்று தெரியும், ஆகவே ஒன்றைக் கழித்துக்கொண்டோம். ஆகாயக் கப்பலுக்கு எத்தனை வால் என்று எங்கள் திருத்துறைப்பூண்டித் தாலுகாவில் யாருக்குத் தெரியும்?

அப்படியே பார்த்தாலும் இரண்டுதானே வர வேண்டும், எங்கள் வீட்டில்தானே நீயும் பார்த்தாய் என்றேன்.

"ஒங்க வீட்டுல பாத்தப்ப ரெண்டுதான்டா. அப்பறம் கடைத்தெருவுல கட்சிப் படிப்பகத்துல பொட்டி வச்சாங்கல்ல, அங்கதான் மூணு. ஒரு வால் புதுசா மொளச்சிருக்குன்னு நெனச்சேன். ஒங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

அந்தப் பெட்டியில் நிழல் இரண்டாக விழுந்திருக்கிறது. படிப்பகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ஜன்னலில் கூட்டம் பிதுங்குவதைத் தெருவிலிருந்து பார்த்திருக்கிறேன். அவன் அதற்குள் நின்று புதிதாக முளைத்த வாலை எண்ணிக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது.

"கடைசி வரைக்கும் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். நீ பாக்கலியா?"

எனக்கு மரம் ஏற வரவில்லை என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நான் மரத்தில் தொங்கிய சேதி அன்று சாயங்காலமே அவர்கள் தெருவுக்குப் போய்விட்டதாம். ஏறி வந்து இறக்கிவிடலாமா என்று அவன் தன் அப்பாவிடம் கேட்டானாம். அவர் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டாராம்.

இடையில் செல்போன் இரண்டு தடவை அதிர்ந்தது. மாணவன் சாட்சி கேட்கிறான் போலும். கிடக்கட்டும் என்று விட்டேன். அசல் தொடரின் கடைசி எபிசோடும் அந்தக் குழுவில் எங்கேயாவது கிடைக்கும். இருந்தாலும் அவனிடமே கேட்டேன், தவக்களை கடைசியில் என்ன ஆச்சு என்று.

மிஷின் ஓட்டுகிறவரை டீ குடித்துவிட்டு வரச்சொன்னான். வரப்பில் உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கிறேன். குரல் நிதானமாக வந்தது.

"ஒரு பொட்டல்ல எறங்குதுடா. சுத்திப் பச்சையே கெடையாது. எல்லாரும் ஒவ்வொருத்தரா வெளியில வர்றாங்க. கேப்டன் மட்டும் உள்ள போயி கதவச் சாத்திக்கிறான்."

"ஏன்?"

"எனக்கென்னடா தெரியும், இங்கிலீஷுலல்ல சொன்னான்."

கப்பலை விட்டுப்போக மனசில்லாமல் சாத்திக்கொண்டிருப்பான் என்றேன் நான். அதெல்லாம் இல்லை, இறங்கினவர்களுக்கு அந்தப் பொட்டலை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு இடம் தேடிப் போயிருப்பான் என்றான் அவன். கதவு எந்தப் பக்கம் சாத்தியது என்று கேட்டேன். இடது பக்கம் என்றான். நான் வலது பக்கம் என்றேன்.