இரண்டாம் முறை கன்ட்ரோல் இசட்

கணினியோடு சேர்ந்தே வரும் நோட்பேட் எவ்வளவு மெதுவாக வளர்ந்தது என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், லினக்ஸில் எழுதிய கோப்பைத் திறந்தால் எல்லா வரிகளையும் ஒரே வரியாக ஒட்டிக் காட்டும். பிறகு வரி பிரிக்கக் கற்றுக்கொண்டது. கறுப்புப் பின்னணி வந்தது. ஒரே ஜன்னலில் பல கோப்புகள் வந்தன. அதற்குள் எங்கள் மாடி வீட்டுக் குழந்தை பல் முளைத்து, நடந்து, பள்ளிக்கூடமே போய்விட்டது.

எனக்கு மிகப் பிடித்தது, செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் அன்டூ. பழைய நோட்பேடில் கன்ட்ரோல் இசட் ஒரு படிதான் பின்னால் போகும். இன்னொரு முறை அழுத்தினால், சரிசெய்த தப்பு திரும்ப வந்து உட்காரும். இப்போது அழுத்த அழுத்தப் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். மயிலாப்பூரில் இருக்கும் என் அம்மாவுக்கு இது தெரியாது.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மா, மாதக்கணக்கில் நோட்பேடில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினாள். முதல் நாடகம். அன்று மாலை அடையாறில் நாடகக் குழுவுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். மதியம் தரமணி அலுவலகத்தில் நான் டிபன் பாக்ஸைத் திறந்தபோது போன் வந்தது.

“நாடகம் போயிடுச்சு டி.”

பிரின்ட் எடுக்கக் கொடுப்பதற்காக முழுவதையும் செலக்ட் செய்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஜோக் தோன்றியிருக்கிறது. அம்மா கீபோர்டைப் பார்த்தேதான் டைப் அடிப்பாள். அடித்து முடித்து, வழக்கம்போல் சேவ் செய்து, நிமிர்ந்தால், செலக்ட் ஆகியிருந்த நாடகம் முழுவதும் அழிந்து, திரையில் ஜோக் மட்டும் இருக்கிறது.

“கன்ட்ரோல் இசட் அடிச்சியா?”

“ஒரு தடவ. கடைசி வார்த்த மட்டும் போச்சு. கைய எடுத்துட்டேன்.”

“மறுபடி அடி.”

“மறுபடி அடிச்சா தப்பு திரும்பி வந்துடும். எனக்கா தெரியாது?”

“அது பழசு மா. இது அப்படி இல்ல. விண்டோவ மட்டும் மூடிடாத. மூடினா நிஜமாவே போயிடும்.”

நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

“பின்னாடி போனா ஜோக் போயிடுமே.”

“படி, எழுதிக்கறேன்.”

படித்தாள். பெண் பார்க்க வந்தவர் கேட்கிறார், பெண் பாடுவாளா? பாடுவாள். சமைப்பாளா? சமைப்பாள். “அதெல்லாம் கெடக்கட்டும். தி.நகர்ல கார் நிறுத்த உங்களுக்கு எடம் இருக்கா?”

நான் சிரித்ததில் பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“சிரிக்காத டி.”

“அழுத்து மா.”

அழுத்தினாள். ஜோக் வாலிலிருந்து கரைந்தது. “காரு போச்சு,” என்றாள். “தி.நகர் போச்சு. பொண்ணும் போயிட்டா.” பிறகு கீபோர்டு மட்டும் டொக் டொக்கென்றது.

“மா?”

“மொத சீன் இருக்கு,” என்றாள் மெதுவாக. “வாட்ச்மேன் இருக்கான். எல்லாரும் இருக்காங்க டி.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தோழி சந்தோஷத்தில் என் கையைத் தட்டினாள். தயிர்சாதம் மேசையில் தெறித்தது.

“சேவ் பண்ணு மா.”

“இரு. இன்னும் பின்னாடி போகுதா பாக்கறேன்.”

“மா, வேணாம்.”

தட்டும் சத்தம். “ஐயோ, காலைல வெட்டின மாமியார் சீன் வந்துடுச்சு. நல்லாத்தான் எழுதியிருக்கேன்.” சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. “லிஃப்ட் மாதிரி போகுது டி.”

மாமியாரோடு சேர்த்தே சேவ் செய்தாள்.

“இப்ப அந்த ஜோக்கச் சொல்லு,” என்றாள். “மெதுவா. ஸ்கிரீனப் பாத்து அடிக்கணும்.”