வத்தி வாக்கிடாக்கியில் சொன்னது

தீ வைக்கிற வேலைக்குப் போனதால் அவளுக்கு வத்தி என்று பெயர் வரவில்லை. பெயர் முந்தியே வந்துவிட்டது. சின்ன வயதில் யார் எதை ஒளித்தாலும் நேரே அவரவர் அம்மாவிடம் போய் வத்தி வைத்துவிடுவாள். ஒரு சொல் அவள் வயிற்றில் தங்காது. வளர்ந்து, காட்டு இலாகாவில் தீ வைக்கிற வேலை கிடைத்தபோது தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாயால வெச்சது பத்தாதுன்னு இப்ப கையாலயுமா?"

கோடை முற்றுவதற்கு முன்பே காட்டோரத்துப் புல்மேட்டைப் பங்கு பிரித்து, காற்று பார்த்து, வேண்டுமென்றே எரிப்பதுதான் அந்த வேலை. காய்ந்த புல்லை அப்படியே விட்டால் கோடையில் ஒரு பொறி போதும். மரம், மாட்டுக்கொட்டகை, வீடு, எதையும் மிச்சம் வைக்காது. முன்கூட்டியே சின்னத் தீயாக விட்டால் பெரிய தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. முள்ளுப்புதர் கருகும். புதிய புல் முளைக்கும், மான் வந்து மேயும்.

"அகோரப் பசியோட ஒருத்தன் வர்றான்னா, முன்னாடியே பானையக் கழுவிக் கவுத்துடணும்" என்பாள் வத்தி. அவள் விருந்தாளியைக் கவனிக்கிற லட்சணம் அது.

அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் இருந்தான். குடித்தான், செத்தான். அழவேண்டிய அளவுக்கு அழுதாள். அப்புறம் நன்றாகத் தூங்கினாள்.

கூட வேலை பார்த்தவர்களில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவனுக்குத் தொட்டி என்று பெயர். ஆளும் அப்படித்தான். அகலம், அமைதி. உள்ளே என்ன இருக்கிறதென்று தட்டிப் பார்த்தால்தான் தெரியும். அவனும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். ஊரையே வா, போ என்று பேசுகிற வத்தி அவனை மட்டும் வாங்க, போங்க என்பாள். செத்த புருஷனுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

தங்கச்சியும் அதே கூட்டத்தில் ரப்பர் மட்டை பிடித்துத் தீயை அடிக்கிறவள். அவள் கண்ணுக்கு இது தப்புமா?

"ஏன்க்கா, இந்த ஆளுக்கு மட்டும் எங்கேருந்து வருது மரியாதை?"

"வயசுல பெரியவரு."

"உன்னவிடச் சின்னவரு."

"அகலத்துல பெரியவரு. போடி வேலையப் பாத்துக்கிட்டு."

இப்போது அந்த அகலம் மாற்றல் வாங்கிக்கொண்டு மலைப்பக்கம் போகிறது. நாளைக் காலையில் கிளம்புகிறான். இன்று எரிக்கப்போவதுதான் இந்த வருஷத்தின் கடைசிப் பங்கு. ஒரு சொல் தங்காத வத்தியின் வயிற்றில் 'போகாதீங்க' என்ற சொல் மட்டும் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் வெளியே வராவிட்டால் அது அவளோடு சேர்ந்துதான் மண்ணுக்குப் போகும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கூட்டத்தில் வாக்கிடாக்கியில் யாரும் 'அணை' என்று சொல்லக்கூடாது. முன்பொரு தடவை அதிகாரியம்மா "அணைச்சாச்சா?" என்று கேட்க, கோபுரத்தில் காவல் இருப்பவன் "ஆள் கெடைக்கல மேடம்" என்று சொல்லிவிட்டான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பாதி மேடு கூடுதலாக எரிந்தது. அதிலிருந்து, தீயைத் 'தூங்க வை' என்றுதான் சொல்லவேண்டும் என்று உத்தரவு.

மத்தியானம் வத்தி ஒரு பிடி சாம்பலைத் தூவிப் பார்த்தாள். காற்று சரியாக இருந்தது. தொட்டி, தீ தாண்டாதபடி மேட்டின் ஓரம் முழுக்கத் தண்ணீர் அடித்து ஈரக்கோடு போட்டான். அவள் திரி எரிகிற எண்ணெய் டப்பாவைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக நெருப்பு விட்டுக்கொண்டே நடந்தாள். காற்றை எதிர்த்து எரிகிற தீ, மாமியார் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் மாதிரி அடக்கமாக நகர்ந்தது. வத்தியின் வாய் முணுமுணுத்தபடியே இருந்தது.

'இங்க பாருங்க, நான் என்ன சொல்றேன்னா...' சீ, வேண்டாம். 'மலையில குளிரும்...' தூ!

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. ஒரு பொறி அவள் தலையைத் தாண்டி, ஈரக்கோட்டையும் தாண்டி, முள்ளுப்புதரில் போய் உட்கார்ந்தது. வத்தி வாக்கிடாக்கியைப் பிடுங்கிக் கத்தினாள்.

"தொட்டி! என்னத் தாண்டிப் போயிருச்சு, பொதரு பத்திக்கிச்சு, ஓடி வந்து அணைங்க!"

பதற்றத்தில் உத்தரவாவது ஒன்றாவது! போதாததற்கு எண்ணெய்க் கை. பொத்தானிலிருந்து விரல் நடுவில் வழுக்கி, கடைசியில்தான் மறுபடி அழுந்தியது. மற்றவர்கள் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"தொட்டி! என்ன... அணைங்க!"

மேடு முழுக்க ஓங்கிய மட்டைகள் அப்படியே நின்றன. பிறகு தொட்டியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"இப்பவேவா?"

"கொஞ்சம் பொறுங்க, பைனாகுலர எடுத்துக்கறேன்" என்றான் கோபுரத்துக்காரன். எடுத்தவன் அலறினான். "ஐயோ, நெசமாவே எரியுது! அவங்களுக்குப் பின்னாடி, பொதருல!"

லாரி குதித்துக்கொண்டு வந்தது. தொட்டி குழாயைத் திறந்தான். கண் வத்தி மேலேயே இருந்ததில் தண்ணீர் புதருக்குப் பாதி, வத்திக்குப் பாதி. தங்கச்சி மட்டையால் நெருப்பைப் பாதியும் சிரிப்பில் தன் தொடையைப் பாதியும் அடித்தாள். புதர் அடங்கியது. வத்தி தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றாள்.

தொட்டி கிட்டே வந்து தரையைப் பார்த்துக் கேட்டான். "'என்ன அணைங்க'ன்னு மட்டுந்தான் கேட்டுச்சு. நீங்க சொன்னது... பொதரத்தானே?"

ஆமாம் என்றால் முடிந்தது. மானம் மிஞ்சும், லாரி போய்விடும்.

"நான் சொன்னது பொதரத்தான். மனசுல இருந்தத பட்டன் சொல்லிருச்சு. போகாதீங்க."

அவன் முகம் சுருங்கி விரிந்தது. "அந்த மாத்தல நானேதான் கேட்டு வாங்கினேன். எல்லாரையும் வா போன்னு உரிமையா பேசுறீங்க. என்ன மட்டும் வாங்க போங்கன்னு வேத்தாளாட்டம் தள்ளி வெச்சீங்க. தெனம் அதக் கேட்டுக்கிட்டு இங்க எப்படி இருக்கறது?"

வத்திக்கு வாயடைத்துப் போனது. பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடக் கூறுகெட்ட மனுஷா!" என்றாள் வத்தி. "வா இங்க!"

அந்த 'வா'வில் லாரியே நகர்ந்து வந்திருக்கும். தொட்டி வரமாட்டானா?

வாக்கிடாக்கி கரகரத்தது. மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து அதிகாரியம்மா கேட்டார்.

"கோபுரம், என்னய்யா நடக்குது அங்க? தூங்க வெச்சாச்சா இல்லயா?"

"அவசரப்படாதீங்க மேடம்" என்றான் கோபுரத்துக்காரன். "இப்பதான் அணைச்சிருக்காங்க."