போலிப் படத்தின் கதாநாயகி

போன வாரம் எங்கள் தீவின் பத்துபஸ்தி சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கூடவே என் சிநேகிதி கவிதா. மீன்காரர் வங்காளி. அவளை உற்றுப் பார்த்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அரே பாபி! அண்ணி! மொபைல்ல கரண்டியோட திட்டுறது... நீங்கதானே?"

கவிதாவின் முகம், அவர் வெட்டிப் போட்டிருந்த சூரையைவிடச் சிவந்தது!

கதை இதுதான். கவிதாவின் கணவர் முருகேசன் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். லீவு கிடைத்தால் சினிமா எடுப்பார். நம் தீவு, நம் ஆட்கள், நம்முடைய இந்தி கலந்த தமிழ். முதல் படத்தை டாலிகஞ்ச் ஹாலில் போட்டபோது சொந்தக்காரர்கள் மட்டும்தான் வந்தார்கள். அவர்களும் வசனத்தை முன்கூட்டியே சொன்னார்கள்! படம் அதற்குள் பென்டிரைவ் ஏறி ஊரையே சுற்றி முடித்திருந்தது.

இப்போது இரண்டாவது படம். "இதுவும் அப்படிப் போச்சுன்னா, இனிமே கேமராவைத் தொடமாட்டேன்" என்றார் மனுஷன்.

கவிதா விடுவாளா?

"எலி எப்படியும் வரும். வடையை நாமளே வைப்போம்ங்க."

படத்தின் பெயரிலேயே ஒரு போலி ஃபைல் தயாரானது. முதல் பத்து நிமிடம் அசல் படம். கதாநாயகன் ஒரு கதவைத் தட்டுகிறான்... திறப்பது கவிதா! கையில் தோசைக்கரண்டி.

"என்னண்ணே, ஓசியில பாக்குறீங்களா? உள்ள யார் இருக்காங்கன்னு தெரியணும்னா ஞாயித்துக்கிழமை ஹாலுக்கு வாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க!"

அப்புறம்? ஒன்றரை மணி நேரமும் இதே பேச்சுதான். திரும்பத் திரும்ப.

அதை ஒரு மொபைல் கடைக்காரரிடம் கொடுத்து, "ரகசியம்... யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றாள். போதாதா? ரகசியத்துக்குக் கால் நாலு என்பார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கப்பலும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஹால் வாசலில் முருகேசன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். முதலில் நாலு பேர். பிறகு ஒரு ஆட்டோ. பிறகு... தெருவே வந்தது! இடைவேளையில் ஒருவர் எழுந்து கத்தினார்:

"தங்கச்சி, அந்த ஒன்றரை மணி நேரத்தையும் முழுசா பார்த்தேம்மா! கடைசியிலயாவது உள்ள விடுவேன்னு நினைச்சேன்!"

ஹால் குலுங்கியது. டைரக்டருக்கே நாற்காலி இல்லை. சுவரில் சாய்ந்து நின்று, படத்தைப் பார்க்காமல் ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார் முருகேசன்.

மறுநாள் கச்சால் தீவிலிருந்து போன். ரப்பர் தோட்டத்துக்காரர்கள்.

"அக்கா, ஹாலுக்கு வரச் சொன்னீங்க, சந்தோசம். ஆனா நாங்க எப்பிடி வாறது? அன்னைக்குக் கப்பல் இல்லியே! உள்ளுக்கு யாரு இருக்காங்கன்னு தெரியாம இங்க ஒருத்தருக்கும் தூக்கமில்ல. நீங்க வந்து காட்டுங்களேன்!"

முருகேசன் உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். புரொஜக்டரைப் போர்வையில் சுற்றியாகிவிட்டது.

ஓசியில் பார்த்தவர்களைத் தேடிக் கடல் தாண்டிப் போகிற டைரக்டர், வேறு எந்த ஊரில் இருக்கிறார் சொல்லுங்கள்?