மொட்டை போட்ட நாளில் போன சிம்

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் லாரிகளை எடை போடுவது என் வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினால் போதும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்கும் அதுதான் பாதிக் காரணம். மேலே படிப்பதென்றால் புதுப் பள்ளியில் புது ஆட்களிடம் பேசியிருக்க வேண்டும்.

பெங்களூரில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு பண்டிகைக்கு வந்தபோது என் போனில் பிட்காயின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டுக் கூரையில் ஒழுகும் ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட, மனைவி சீட்டு கட்டிச் சேர்த்த பணம் அது. வேண்டாம் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அவன் வாங்கி முடித்திருந்தான்.

அடுத்த கோடையில் நானும் மனைவியும் திருமலைக்குப் போனோம். காலையிலேயே மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு, தலையில் பூசிய சந்தனம் முகத்தில் வழிய, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மனைவி தன் போனில் ஒரு படம் எடுத்தாள். அதில் இருந்த ஆளை எனக்கே பிடிக்கவில்லை.

"அத்த அழிச்சுடு."

"அழிச்சுட்டேன், வாங்க," என்றாள்.

கோயிலுக்குள் போன் கூடாது என்பதால் இரண்டு போன்களையும் கவுன்டரில் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றோம். சாயங்காலம் திரும்ப வாங்கியபோது என் போனில் டவர் இல்லை.

"மலை மேல அப்டித்தான் இருக்கும்," என்றாள் மனைவி, தன் போனில் அவள் அம்மாவோடு பேசிக்கொண்டே.

மறுநாள் சித்தூரிலும் டவர் இல்லை. கடைக்குப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், போன் அடிக்காமல் இருந்தது சுகமாகவும் இருந்தது. சூப்பர்வைசர் கூப்பிடவில்லை. லோன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணும் கூப்பிடவில்லை. அப்படி ஒரு நிம்மதியான நாள் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அதற்கும் அடுத்த நாள் மச்சான் அவன் அக்காவின் போனில் வந்தான். பிட்காயின் கணக்குக்கு அவன் தன் மெயிலைத்தான் கொடுத்திருந்தான்.

"மாமா, காயினெல்லாம் எவனுக்கோ அனுப்பிட்டியா? மெயில் வந்துகீது. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"நா ஒண்ணும் பண்ணலப்பா. போன்ல டவரே இல்ல."

"எப்பத்திலேர்ந்து?"

"திருப்பதிலேர்ந்து."

"நேத்தெல்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்த மாமா?"

நிம்மதியாக இருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

நாங்கள் மலையில் இருந்த அன்று மத்தியானம், சித்தூரில் ஒரு போன் கடையில் யாரோ என் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கிறான். என் நம்பர் அவன் கைக்குப் போனது. அந்த நம்பருக்கு வந்த ஓடிபியை வைத்துக் கணக்கைத் திறந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். காயின் நாடு விட்டு நாடு தாவிவிட்டது என்றார்கள்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். "காயினப் புடிக்க முடியாது. சிம் குடுத்தவனப் புடிப்போம்," என்று, நுகர்வோர் கமிஷனில் போன் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்.

கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. வாடிக்கையாளர் நேரில் வந்துதான் சிம் வாங்கினார், அங்கேயே எடுத்த படம் இதோ என்று தேதி, நேரத்தோடு இணைத்திருந்தார்கள். படத்தில் இருந்தது நான்தான். முழுத் தலைமுடி, மீசை, வெள்ளைச் சட்டை. நான்தான் போயிருப்பேனோ என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. தொழிற்சாலை அடையாள அட்டைக்கு நான் கொடுத்த பழைய படத்தை எவனோ கேமராவுக்கு முன்னால் பிடித்திருக்கிறான் என்று பிறகுதான் புரிந்தது.

அதற்குள் எனக்கு முடி வளர்ந்துவிட்டிருந்தது. வக்கீல் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்டியே கீறீங்களே," என்றார், நான் ஏதோ தப்பு செய்ததுபோல.

"அன்னிக்குக் காலையிலயே மொட்ட போட்டாச்சு சார்."

"படம் கீதா?"

"அழிச்சாச்சு சார்."

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு, "அழிக்கல," என்றாள். "அப்பவே எங்க வூட்டு குரூப்புல போட்டுட்டேன்."

அவள் பிறந்த வீட்டு குரூப்பில் நான் இல்லை. எல்லோரும் பேசுவார்கள் என்று சேராமல் இருந்தேன். என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். படத்தை மட்டும் வெட்டி எடுத்தால் எதிர்த்தரப்பு குறை சொல்லும் என்று, குரூப்பில் போட்ட தேதி, நேரத்தோடு கீழே இருந்த கேலிகளையும் சேர்த்து அச்செடுத்து, தெலுங்கில் மொழிபெயர்த்துத் தாக்கல் செய்தார்.

விசாரணை தெலுங்கில் நடந்தது. முகமெல்லாம் சந்தனம், கண்ணும் மூடியிருக்கிறது, இது இவர்தான் என்று எப்படி நம்புவது என்று கம்பெனி வக்கீல் கேட்டார். கமிஷன் தலைவர் மீதியைப் படிக்கச் சொன்னார். எங்கள் வக்கீல் குரலை உயர்த்திப் படித்தார். மச்சான் எழுதியது: "சந்தனம் பூசின சொரக்கா." சகலை எழுதியது: "மலையெறங்கும்போது பஸ்ஸுக்கு லைட்டே வாணாம்." கடைசியாக என் மாமியார்: "மாப்ளைக்கு வலது காது மேல்பக்கம் மடிஞ்சிக்கினு கீதே, இத்தினி வருசமா முடி மறைச்சிக்கினு இருந்துச்சா?"

தலைவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "கொஞ்சம் திரும்புங்க."

முடியை ஒதுக்கிக்கொண்டு திரும்பி நின்றேன். தலைவர் பார்த்தார், உறுப்பினர்கள் பார்த்தார்கள், பியூன் பார்த்தார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வழக்குக்காக வந்து காத்திருந்த ஒருவர் எழுந்து நின்றே பார்த்தார். காது சுட்டது.

"நல்லாத் திரும்புங்க, தெரியல," என்றாள் பின்னாலிருந்து மனைவி.

தலைவர் படத்திலிருந்த காதோடு என் காதை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கம்பெனி கொடுத்த படத்தைத் தூக்கிக் காட்டி அவர்கள் வக்கீலிடம், "காலையில மொட்டை. மத்தியானத்துக்குள்ள இவ்வளவு முடி எப்படி வளர்ந்தது?" என்று கேட்டார். அவர் வாய்தா கேட்டார்.

கடைசியில் நாங்கள் போட்ட பணத்தை வட்டியோடு கம்பெனியே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இழுத்தடித்துவிட்டுக் கட்டினார்கள். காயின் விலை இப்போது ஏறிவிட்டது, நஷ்டம்தான் என்று மச்சான் புலம்பினான். "இன்னொரு வாட்டி காயின்னு சொன்ன, மழையில உன்னத்தான் கூரையா நிக்க வெப்பேன்," என்றாள் அவன் அக்கா. ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டோம்.

வழக்கு ஜெயித்தால் எனக்கு மறுபடி மொட்டை என்று மனைவி வேண்டியிருந்தாள். என்னைக் கேட்கவில்லை. திரும்பவும் மலைக்குப் போனோம். சந்தனம் பூசி முடித்ததும் அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

"எதுக்கு உள்ள வெக்கற? எடு," என்றேன்.

"அழிக்கச் சொல்வீங்க."

"சொல்லல. குரூப்புல போடு. இப்பவே போடு, டைம் தெரியணும்."

கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, வலது காதை அவள் பக்கம் திருப்பி நின்றேன்.