அன்வரியின் இரண்டு கண்டென்சர்கள்

அன்வரி பேகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவள் என் வேலையைப் பாழாக்கிய மத்தியானம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் ஆம்பூரில் என்னை வாயடைக்க வைத்த ஒரே ஆள் அவள்தான். நான் சுலபத்தில் வாயடைக்கிற ஆள் இல்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் ஷூ தைக்கிறோம். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். காலையில் ஏஜென்ட் அதை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஊசியும் நூலுமாக நாலைந்து பேர் அன்வரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவோம். அவள் வீட்டில்தான் வெளிச்சம் ஜாஸ்தி. நாங்கள் போய் உட்கார்ந்தால் பேச்சும் ஜாஸ்தி.

அவள் வீட்டுக்காரர் அப்துல் சமத் பாய், பஸ் நிலையத்தில் கூவி ஆள் ஏற்றுகிறவர். "குடியாத்தம், குடியாத்தம்" என்று அவர் குரல் எழும்பினால் டீக்கடையில் இருக்கிறவன் பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடுவான். அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள், குரல் போய்விட்டது. மிச்சம் இருந்தது காற்றோடு கலந்த ஒரு முணுமுணுப்பு. எங்கள் பேச்சுக்கு நடுவே அது யார் காதிலும் விழாது. "இன்னா பாய்? இன்னா சொன்னீங்க?" என்று திருப்பித் திருப்பிக் கேட்போம். மனுஷன் வெறுத்துப்போய்ப் பேசுவதையே விட்டுவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுவார். பெண்டாட்டியைக் கூப்பிடக் கையைத் தட்டுவார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பேரு சொல்லிக் கூப்ட்ட மனுஷன், புஷ்பக்கா," என்றாள் அன்வரி என்னிடம். "இப்ப கோழிய வெரட்டுற மாதிரி தட்றாரு. எனக்கு நெஞ்சு எரியுது." அவர் வாயால் தன் பெயரை மறுபடி கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சட்டையில் மாட்டுகிற மைக், சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு, பழைய டிவியில் கழற்றிய ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்தாள். ஒரு மட்டமான அடாப்டரில் மாட்டினாள். ஸ்பீக்கரிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். பாய் பேசியது அந்த இரைச்சலுக்குள்ளேயே மூழ்கிப்போனது. மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனவர், மாலை வரைக்கும் வீடு திரும்பவில்லை.

அதன்பிறகு அன்வரி தைத்துக்கொண்டே போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். நாங்கள் சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்தோம். ஒருநாள் எனக்குச் சொன்னாள். வீட்டுக்கு வரும் கரண்ட் அலையடித்துக்கொண்டு வருகிறதாம். டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைக்கும், நாலு டயோடு அதை ஒரே பக்கமாகத் தள்ளும். ஆனாலும் மேடு பள்ளம் போகாது. அதுதான் இரைச்சல். கண்டென்சர் என்று ஒன்று இருக்கிறது, மேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு பள்ளத்தில் கொடுக்கும். சொல்லும்போது அவள் கண் பளபளத்தது. ஒரு சின்னத் தகரக் குப்பிக்குள் இப்படி ஒரு தருமம் நடக்கிறதா என்று நானும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

அடாப்டரை விட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் வாங்கித் தானே கட்டினாள். அதில் முதலில் ஒரு செத்த ரேடியோவிலிருந்து எடுத்த நூறு மைக்ரோ அளவுக் கண்டென்சரைப் போட்டுப் பார்த்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. பிறகு நாலாயிரத்து எழுநூறு மைக்ரோவில் என் கட்டைவிரல் பருமனுக்கு ஒன்று வாங்கி வந்தாள். இருபத்தைந்து வோல்ட் தாங்குவது.

"டிரான்ஸ்ஃபார்மர் பன்னெண்டு வோல்ட்தானே? பதினாறு வாங்கியிருந்தா ஆவாதா?" என்று கேட்டேன்.

"அலையோட உச்சி பதினேழு கிட்ட போவும்க்கா. பால் பொங்கும்னு தெரிஞ்சே பாத்திரத்த விளிம்பு வரைக்கும் ரொப்புவியா நீ?"

இவ்வளவு விவரமாகப் பேசியவள்தான் அன்று மத்தியானம் அதை மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். புகை, மீன் அழுகின நாற்றம், கூடமெங்கும் நைந்த காகிதம். என் மடியில் இருந்த வெள்ளைத் தோல் அப்பர்மேல் எண்ணெய்க் கறை.

"உன் ஆம்பளைய பேச வைக்கிறேன்னு எங்கள செவிடாக்கிடுவ போல," என்று கத்தினேன்.

பாய் ஓடிவந்து வாசலில் நின்றார். உள்ளங்கையைக் காட்டி, போதும் என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை, பயம். இன்னொரு தடவை வெடித்தால் அவள் கண் போய்விடும் என்ற பயம்.

அன்வரி வெடித்த குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "எல்லாம் கம்பெனி புத்திக்கா." கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஷூ கம்பெனியில் ஒட்டுகிற டேபிளில் இருந்தவள். வெள்ளிப் பேனாவால் கோடு போட்டிருக்கும் பக்கம்தான் அங்கே சொல்யூஷன் தடவி ஒட்டுகிற பக்கம். அதே பழக்கத்தில், கண்டென்சரில் கோடு போட்ட காலைத்தான் சேர்க்க வேண்டிய கால் என்று எடுத்துக்கொண்டு பிளஸ் வருகிற சிவப்பு ஒயரோடு சேர்த்திருக்கிறாள். "இங்க பாரு, கோட்டுக்குள்ளயே மைனஸ் போட்டிருக்கான். நான்தான் குருடி."

விடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு கண்டென்சராக வாங்கி வந்தாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு போட்ட கால்கள் இரண்டையும் கறுப்பு ஒயரில், மற்ற கால்களைச் சிவப்பில் சேர்த்தாள். ஒவ்வொரு காலையும் எங்களிடம் காட்டி, "கோடு கறுப்புலதானே?" என்று கேட்டாள். மெயின் கரண்ட் வருகிற இடத்தை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தாள். எல்லாவற்றின்மேலும் குளியலறை பக்கெட்டைக் கவிழ்த்தாள். நாங்கள் ஆளுக்கொரு அப்பரை எடுத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டோம். அவள் மட்டும் உள்ளே நின்று சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தோம். பக்கெட்டை எடுத்தாள். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

"செத்துப்போச்சா?" என்றேன்.

மைக்கை விரலால் தட்டினாள். டொக் என்று கூடம் முழுக்கக் கேட்டது. மறுபடி அமைதி. அந்த அமைதியைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. கையகலச் சாமானில், ஷூ தைக்கிற பொம்பளை, கரண்டின் மேடு பள்ளத்தையெல்லாம் மெழுகிவிட்டாள்.

பாய் கிட்டே வரவில்லை. "ஒரே ஒரு வாட்டிங்க," என்றாள். மைக்கை நீட்டிய கையை அவள் இறக்கவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் வந்தார். அவளே சட்டையில் மைக்கை மாட்டினாள்.

அவர் உதடு அசைந்தது. ஸ்பீக்கரிலிருந்து கரகரவென்று, ஆனால் தெளிவாக வந்தது. "புஷ்பம் வாய மூடினு இருக்குது. அதிசயம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. பாய் அன்வரி பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி தளர்ந்தது. பாவிங்களா, இப்பவா என்று மனசுக்குள் திட்டினேன்.

ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு உடனே அணையவில்லை. மங்கிக்கொண்டே எரிந்தது. கண்டென்சர்கள் வாங்கி வைத்திருந்த மிச்சத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரிலிருந்து, தேய்ந்துகொண்டே போகும் குரலில், "அன்வரி" என்று வந்தது. பிறகு விளக்கு அணைந்தது.

"இன்னாங்க," என்றாள் அவள்.

கூடத்தில் ஒருத்தி ஊசியும் அசையவில்லை. யாரும் பேசவில்லை, நான்கூட. பாய் அதையே இன்னொரு தடவை சொன்னார். மைக் இல்லாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.