ஒற்றன் படத்துக்கு நான் அளந்த கதை

கல்யாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை இங்கிலீஷில் புலி என்று தரகர் அளந்துவிட்டிருந்தார், நானும் மறுக்கவில்லை. பெண்ணின் அப்பா ரயில்வேக்காரர், வெள்ளைக்காரத் துரைகளிடம் 'எஸ் சார்' மட்டும் சொல்லியே வேலை பார்த்தவர். இங்கிலீஷ் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். நானோ துறைமுகத்தில் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைக் கூலியாட்களுக்குப் படித்துச் சொல்கிறவன். 'கண்ணாடி, பத்திரம்', 'இந்தப் பக்கம் மேலே'. என் இங்கிலீஷ் அத்தோடு சரி.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து, இரு வீட்டாரும் ராயபுரத்துக் கொட்டகைக்கு மத்தியான ஆட்டம் போனோம். இங்கிலீஷ் ஒற்றன் படம். பெண்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படம் ஓடினால் யாராவது எழுந்து நின்று கதையை உரக்கச் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சொல்கிறவர் அன்று பார்த்து வரவில்லை. "நம்ம மாப்ளே கீறாரே, அவுரு சொல்வாரு," என்றார் பெண்ணின் அப்பா, பெருமையாக.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு? எழுந்து நின்றேன். திரையில் ஒற்றனும் எதிரி நாட்டு உளவுக்காரியும் ரயிலில் புருஷன் பெண்டாட்டியாக வேஷம் போட்டுக்கொண்டு சண்டை பிடித்தார்கள். அவன் ஏதோ நீளமாகப் பேசினான். "காயிதம் ஒம்போதாம் கிடங்குல கீது, கிரேன்காரனாண்ட கேளுன்றான்," என்றேன். காசிமேட்டு ஜனம் விசிலடித்தது. எனக்கும் குஷி பிறந்துவிட்டது. அவள் அவனை ஓங்கி அறைந்தாள். "மீன் கொளம்புல உப்பு ஜாஸ்தின்னுட்டான், அதான்," என்றேன். கொட்டகையே சிரித்தது.

ஆனால் தடுப்புக்கு அப்பால் ஒரு சிரிப்பு மட்டும் நான் வாய் திறக்கும் முன்பே வந்துகொண்டிருந்தது. அங்கே யாருக்கோ இங்கிலீஷ் தெரிகிறது, தொலைந்தேன் என்று நினைத்தேன். கடைசியில் ஒற்றனும் அவளும் ஏதோ பேசிக் கட்டிப்பிடித்தபோது எனக்கு வார்த்தையே வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பெண்ணின் அப்பா மகளைக் கூப்பிட்டார். "கன்னியாஸ்திரிங்களாண்ட இங்கிலீஷ் படிச்சவளாச்சே நீ. சொல்லு, மாப்ளே சொன்னதெல்லாம் கரீட்டா?"

முந்திச் சிரித்தது அவள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் கரீட்டு, நைனா. கடைசில மட்டும் ஒண்ண வுட்டுட்டாரு. என்னைக் கட்டிக்கிறியான்னு அவன் கேட்டான். அவ சரின்னுட்டா."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். கல்மண்டபத்தில் என் வீடு போய்ச் சேரும்வரை என் கால் தரையில் பாவவில்லை.