அரக்கு உடையாமல் தொலைந்தவை

இன்ஷூர் செய்த பார்சல் தொலைந்தால் பதில் சொல்கிற வேலையை யாரும் கேட்டு வாங்குவதில்லை, தலையில் கட்டுவார்கள். அறுபதுகளின் கடைசியில், மெட்ராஸின் தெற்குப் புறநகர்த் தபால் ஆபீஸ் ஒன்றில், என் தலையில் கட்டினார்கள். புகார் கவுண்டரில் எந்தப் பக்கம் நின்று அவதிப்பட்டிருந்தாலும் சரி, நீங்கள் நம்ம ஆள்.

எடை சரி

பல்லாவரத்தில் தோல் வேலை செய்த யூசுப் பாய், நாக்பூரிலிருந்த மச்சானுக்கு ஒரு ஜோடி ஷூவும் ஒரு ஜோடி செருப்பும் அனுப்பினார். ஷூ மட்டும் போய்ச் சேர்ந்தது. பட்டுவாடாவின்போது எடை சரியாக இருந்தது, ஆகவே எதுவும் தொலையவில்லை என்று மேலிடம் எழுதியது. வழியில் மழை, ஷூ குடித்த தண்ணீர் செருப்பின் எடையை ஈடுகட்டிவிட்டது என்று நானும் எழுதிப் பார்த்தேன். மறுபடி அதே பதில். படித்துக் காட்டினேன். பாய் கத்தவில்லை.

"தண்ணிய நீயே வெச்சிக்க சார், செருப்பக் குடு" என்றார்.

பழைய துண்டு

சேலையூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் எஸ்தர் டீச்சர். பிலாயில் மகள் வீட்டில் பேத்திக்கு ஞானஸ்நானம். தன் கல்யாணச் சேலையில் தைத்த வெள்ளைக் கவுனை இன்ஷூர் செய்து அனுப்பினார். அவருடைய மூன்று பிள்ளைகளும் அதைப் போட்டுத்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். மூத்தவன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டான். அவன் உடம்பில் பட்ட துணி என்று மிஞ்சியது அது ஒன்றுதான். பார்சல் அரக்கு முத்திரை உடையாமல் போய்ச் சேர்ந்தது. உள்ளே ஒரு பழைய துண்டு இருந்தது.

"நஷ்டஈடு வேண்டாம் சார், தேடிக் குடுத்தா போதும்" என்றார் டீச்சர். பக்கத்துக் கவுண்டர் சுந்தரம்தான் பதில் சொன்னார்.

"தேடித் தர்றதுக்கு நம்மகிட்ட ஃபாரம் இல்லீங்க டீச்சர்."

பத்து பைசா

அரக்கின்மேல் அனுப்புகிறவரின் சொந்த முத்திரை விழ வேண்டும், காசு வைத்து அழுத்தக் கூடாது என்பது விதி. யார் பிரித்தாலும் அதே மாதிரிக் காசால் மறுபடி அழுத்திவிடலாமே. ஆனால் மாசச் சம்பளக்காரர் முத்திரைக்கு எங்கே போவார்? கையை வீசிக்கொண்டு வருவார். சுந்தரம் டிராயரிலிருந்து, விளிம்பு நெளிநெளியான பத்து பைசா ஒன்றை எடுத்து நீட்டுவார். எங்கள் கவுண்டர் வழக்கம் அது. டீச்சரும் அதைத்தான் அழுத்தியிருந்தார்.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர், பிலாயிலிருந்து திரும்பி வந்திருந்த மேலுறையின் அரக்கைப் பார்த்தார். காசு முத்திரை, அனுப்பியவர் தவறு, புகார் தள்ளுபடி. "காசைக் கொடுத்ததே நாம்தான் சார்" என்றேன். அவர் சுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"குடுத்தேன் சார், உடனே திருப்பி வாங்கி டிராயர்ல போட்டுட்டேன்" என்றார் சுந்தரம்.

ஞானஸ்நானம்

தள்ளுபடிக் கடிதம் தபாலில் போனது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சர் வந்தார். மேல்முறையீடு செய்யலாம் என்று நான் ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

கவுன் கசங்கக் கூடாதென்று மகள் பார்சலை வீட்டில் பிரிக்கவில்லையாம். ஆலயத்தில் வைத்துத்தான் பிரித்திருக்கிறாள். எல்லாரும் காத்திருந்தார்கள், பாஸ்டர் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றார், வேறு வெள்ளைத் துணி இல்லை. அந்தத் துண்டில் சுற்றியே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். டீச்சர் கடிதத்தை என் மேஜைமேல் வைத்து நீவிவிட்டார்.

"எடுத்தவன் துண்டைத் துவைச்சு மடிச்சு வெச்சிருந்தான் சார், உங்க கடுதாசிதான் கசங்கி வந்துச்சு" என்றார்.

சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது 'வருந்துகிறோம்' என்று எழுதுவதற்கு மட்டும்தான். வருந்தியதெல்லாம் ஓவர்டைம், அதற்குக் காசு கிடையாது.